அறுபது, ஐம்பது, நாற்பது: கைக்குழந்தையின் நுரையீரல் தொற்றும் தேறும் வழியும்

நுரையீரலில் தொற்று கண்ட கைக்குழந்தையைக் காப்பாற்றும் மருந்து இனிமேல்தான் வர வேண்டும் என்ற நிலை இல்லை. அமாக்ஸிசிலின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. ஊசி மருந்தும் ஆக்சிஜனும் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்கின்றன. தடுப்பூசி இலவசம். அப்படியிருந்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தன. அந்த வயதில் நேர்ந்த மொத்த இறப்பில் இது 14 சதவீதம். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது குழந்தை ஏன் போகிறது?

குரும்பகரத்தை எடுத்துக்கொள்வோம். காரைக்கால் பகுதியில் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்த வயல்வெளிக் கிராமம். நிர்வாகத்தில் புதுச்சேரி, சுற்றிலும் தமிழ்நாடு. காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனைக்குப் பேருந்திலேயே போய்விடலாம். ஜிப்மரின் கிளைக் கல்லூரி 2016 முதல் காரைக்காலில் இயங்குகிறது. அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை, அல்லது புதுச்சேரி ஜிப்மர். இரண்டுமே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் இந்த ஊர்களில் கைக்குழந்தைக்குச் சளி பிடிப்பது ஆண்டுதோறும் நடப்பது. அவற்றில் பெரும்பாலானவை தானே சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் இறங்கும். அந்தக் குழந்தை தேறுமா என்பது பெரும்பாலும் மருத்துவமனை வாசலை மிதிக்கும் முன்பே, வீட்டில் கழியும் மணிநேரங்களில் முடிவாகிவிடுகிறது. நாற்பது ஆண்டு ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இதுதான்.

சளியா, நிமோனியாவா

'சளி கட்டியிருக்கு' என்று வீட்டில் சொல்வதற்குள் மூன்று வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம். முதலாவது, மூக்கு, தொண்டையோடு நிற்கும் சாதாரணச் சளி. குழந்தை மூக்கொழுகும், தும்மும், இரவில் தூங்க விடாது. ஆனால் பால் குடிக்கும், சிரிக்கும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

இரண்டாவது, நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் பிராங்கியோலைட்டிஸ். இரண்டு வயதுக்குள், அதிலும் முதல் ஆறு மாதத்தில்தான் மிகுதியாக வரும். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸின் வேலை. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இளைப்பு உச்சத்தில் இருந்து, பிறகு மெல்ல இறங்கும். வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் இங்கே பயன்படாது. மூக்கடைப்பை நீக்குவது, பால் உள்ளே போகப் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் ஆக்சிஜன் வைப்பது ஆகிய மூன்றுமே சிகிச்சை.

மூன்றாவது நிமோனியா. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் சீழும் நீரும் நிரம்பிக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. நிமோகாக்கஸ், ஹிப் என்ற இரண்டு பாக்டீரியாக்களே கடுமையான நிமோனியாவுக்கும் இறப்புக்கும் நீண்ட காலமாகப் பெரிய காரணங்களாக இருந்தவை. வைரஸாலும் நிமோனியா வரும். எது எதனால் வந்தது என்று எக்ஸ்ரே பார்த்தும் பல நேரங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய மருத்துவமனையிலேயே இப்படியென்றால் கிராமத்துச் செவிலியர் எதை வைத்து முடிவெடுப்பது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் குழந்தை மருத்துவத்தின் போக்கை மாற்றியது.

மூச்சை எண்ணக் கற்ற கதை

1980களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியில் பணியாற்றிய பிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலிகளைவிடக் குழந்தை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்பதே நம்பகமான அடையாளம் என்று எழுதினார். நுண்ணறைகள் அடைபட்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. குழந்தையால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது. அதன் விலா எலும்புகள் இன்னும் மென்மையானவை. எனவே வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்டுகிறது.

அந்த வேகத்துக்கு எல்லை எது என்று வகுத்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1988இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு ஐம்பதைத் தாண்டியும், அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தை நாற்பதைத் தாண்டியும் மூச்சு விட்டால் நோய் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம் என அது காட்டியது. இன்று உலகமெங்கும் சுகாதாரப் பணியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு இதை ஒட்டியதே: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு.

எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். குழந்தை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்குத் தப்பும். தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையை மார்புவரை உயர்த்திவிட்டு வயிற்றையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, சில நொடி நிற்கும், பிறகு விரையும். ஆகவே பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது கூடாது. அறுபதுக்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதிசெய்ய வேண்டும். எண்ணி முடித்தவுடன் பார்வையைக் கீழ் விலாவுக்கு இறக்க வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது அந்த இடம் வெளியே விரிய வேண்டும். மாறாக உள்ளே குழி விழுந்தால் நுரையீரல் இறுகியிருக்கிறது என்று பொருள்.

இந்தச் சிறு திறமையை ஊரார் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியரின் 'சர்ச்' அமைப்பு செய்து காட்டியது. கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கும், எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்கும்கூட மூச்சை எண்ணவும் கோட்ரைமாக்ஸசோல் மருந்து கொடுக்கவும் பயிற்சி தரப்பட்டது. 1990இல் வெளியான முடிவு: பணி நடந்த ஊர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிமோனியா இறப்பு ஆயிரத்துக்கு 8.1. மற்ற ஊர்களில் 17.5. பெரிய மருத்துவமனை எதுவும் கட்டாமல் இறப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தார்கள்.

மருந்தும் ஊசியும்

2014இல் உலகச் சுகாதார நிறுவனம் சிகிச்சை முறையை எளிமையாக்கியது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வேக மூச்சோ விலாக் குழியோ மட்டும் இருந்து, வேறு அபாய அறிகுறி இல்லையென்றால் வாய்வழி அமாக்ஸிசிலின் போதும். எடைக்கேற்ற அளவில் நாளைக்கு இருவேளை, ஐந்து நாள். தண்ணீரில் கரையும் மாத்திரையாகவே இது கிடைப்பதால், கரண்டியில் தாய்ப்பாலில் கரைத்தும் புகட்டலாம்.

பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது ஆகியவை அபாய அறிகுறிகள். அமைதியாக இருக்கும்போதும் மூச்சிழுக்கையில் கரகரவென்று ஒலி வருவதும், ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதும் இவற்றோடு சேரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும். அங்கே ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஊசியாகத் தருவது முதல் சிகிச்சை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு வீட்டு மருத்துவமே கூடாது. அந்த வயதில் நுரையீரல் தொற்று சில மணிநேரத்தில் இரத்தம் முழுவதும் பரவக்கூடும். காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப் போவதே அடையாளமாகவும் இருக்கலாம்.

கூடுதலாக எதைச் சேர்த்தால் குழந்தை விரைவில் தேறும் என்ற தேடலும் நடந்தது. துத்தநாகச் சத்து மருந்து கடும் நிமோனியாவில் உதவுமா என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தேறும் காலம் அதனால் குறையவில்லை. எத்தனை நாள் மருந்து வேண்டும் என்பதை இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 2,188 குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். கடுமையில்லாத நிமோனியாவுக்கு மூன்று நாள் அமாக்ஸிசிலினும் ஐந்து நாள் அமாக்ஸிசிலினும் ஒரே பலனைத் தந்தன. இதைப் படித்துப் பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் விலை உயர்ந்த, வீரியமான ஆன்டிபயாடிக் தந்தால்தான் நல்ல வைத்தியம் என்ற எண்ணம் பிழை என்பதற்கு இது சான்று.

ஆக்சிஜன்: பாதி வைத்தியம்

கடும் நிமோனியாவில் ஆன்டிபயாடிக் வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு நாளாகும். அதுவரை குழந்தையை உயிரோடு வைத்திருப்பது ஆக்சிஜன். பப்புவா நியூ கினியின் ஐந்து மருத்துவமனைகளில் ஆக்சிஜன் செறிவூட்டிகளையும் பல்ஸ் ஆக்சிமீட்டர்களையும் ஒழுங்காக அமைத்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தபோது நிமோனியா இறப்பு 4.97 சதவீதத்திலிருந்து 3.22 சதவீதமாகக் குறைந்தது. 2008இல் வெளியான இந்த ஆய்வில் மருந்துகள் பழையவையே. மாறியது ஆக்சிஜன் ஏற்பாடு மட்டும்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்டி இன்னும் ஒரு படி போனார். மூச்சு திணறும் குழந்தை முனகுவதைக் கேட்டிருப்போம். நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வெளிவிடும் காற்றைத் தானே தடுத்து வைக்கும் முயற்சி அது. பலூனை முதல் மூச்சில் ஊதுவதுதான் கடினம், பாதி விரிந்த பலூனில் காற்றுச் சேர்ப்பது எளிது. குழந்தையின் நுரையீரலை அப்படிப் பாதி விரிந்த நிலையில் வைத்திருக்க, வெளிமூச்சுக் குழாயின் நுனியைத் தண்ணீர் நிரப்பிய ஷாம்பு பாட்டிலுக்குள் அமிழ்த்தினார். தண்ணீருக்குள் குழாய் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறதோ அத்தனை அழுத்தம். குமிழி வந்துகொண்டிருந்தால் கருவி இயங்குகிறது. 2015இல் வெளியான ஆய்வில், வழக்கமான மெதுவோட்ட ஆக்சிஜன் பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தார்கள். குமிழி முறையில் வைத்த 79 குழந்தைகளில் இறந்தது 3 பேர்.

இதைக் கேட்டவுடன் எல்லா மருத்துவமனையிலும் பாட்டில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு மாவட்ட மருத்துவமனையில், மருத்துவரின் அன்றாட மேற்பார்வை இல்லாமல் இதே முறையைச் சோதித்தபோது விளைவு தலைகீழானது. சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம் பேர் இறந்தார்கள், குமிழி முறையில் 17 சதவீதம். டாக்காவில் கருவியின் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பின் நம் மாவட்டங்களுக்கெல்லாம் ஆக்சிஜன் ஆலைகள் வந்துவிட்டன. ஆலையை நிறுவுவது முதல் வேலை. இரவு இரண்டு மணிக்கு ஆக்சிமீட்டரைப் பார்த்து அளவைத் திருத்த ஒரு செவிலியர் விழித்திருப்பதுதான் சிகிச்சை.

தேறும் நாட்கள்

சரியான மருந்து கிடைத்த குழந்தைக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், மூச்சு நிதானமாகும், பால் குடிக்கும் ஆசை திரும்பும். தாய்மார்கள் பெரிதும் கவலைப்படுவது இருமலைப் பற்றி. அது இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் நிழல் மறைய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். குழந்தை நன்றாகத் தேறிவிட்டால் படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. மூன்றாம் நாளும் காய்ச்சல் குறையவில்லையென்றால் நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம், குழாய் வைத்து வடிக்க நேரும். இரண்டு வாரம் தாண்டியும் இருமலோடு எடையும் ஏறவில்லையென்றால் காசநோயா என்று பார்க்க வேண்டும், வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் உடனே. அடிக்கடி நிமோனியா வருகிறதென்றால் இதயத்தில் பிறவி ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

வீடு திரும்பியபின் கவனிக்க வேண்டியது உணவு. நோயின்போது குழந்தை மெலிந்துவிடும், மெலிந்த குழந்தைக்கு மறுபடி தொற்று எளிதில் வரும். எனவே இரண்டு வாரத்துக்காவது வழக்கத்தைவிட ஒருவேளை கூடுதலாகப் பாலோ குழைந்த சோறோ கொடுத்து, அங்கன்வாடியில் எடை பார்த்து வர வேண்டும். இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு வலுவான காரணமும் உண்டு. பிரிட்டனில் 1946இல் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இரண்டு வயதுக்குள் நெஞ்சுத் தொற்று வந்தவர்கள் பெரியவர்களானபின் சுவாச நோயால் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

வீட்டு வழக்கங்கள்

டெல்டா ஊர்களில் குழந்தைக்குச் சளி என்றால் முதலில் கேட்பது பாட்டியின் சொல்லைத்தான். அதில் நல்லதும் உண்டு. தாய்ப்பாலை நிறுத்தாதே என்பதும், குழந்தையைக் கதகதப்பாக வை என்பதும் எந்த மருத்துவரும் ஏற்பவை. நாகூரில் ஓதி வாங்கிய தண்ணீரும், கோயிலில் மந்திரித்துக் கட்டும் கயிறும் குழந்தைக்குத் தீங்கு செய்யாது. அதற்காக ஒரு இரவைக் கழித்துவிடுவதுதான் தீங்கு.

கைவிட வேண்டியவையும் உண்டு. குளிப்பாட்டியபின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவதால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வரும் நிமோனியாவைத் தென்னிந்தியக் குழந்தைகளிடம் மருத்துவர்கள் 1973லேயே பதிவு செய்திருக்கிறார்கள். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலை இன்னும் வீங்கவைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் கைக்குழந்தைக்குப் பயன் தருவதில்லை, ஆபத்தும் தரலாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் நச்சு கலந்த இருமல் சிரப்பால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

வராமல் காக்க

அடுப்புப் புகையை நிறுத்தினால் நிமோனியா குறையுமா? இந்தக் கேள்விக்கான உலகளாவிய ஆய்வொன்று காரைக்காலின் வாசலிலேயே நடந்தது. இந்தியா, கௌதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்த 'ஹாபின்' ஆய்வின் இந்தியக் களங்களில் ஒன்று நாகப்பட்டினம் மாவட்டம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் இதை இங்கே நடத்தியது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வந்தன. மறுபாதியினர் விறகிலேயே சமைத்தார்கள். கேஸ் வீடுகளில் புகைத்துகள் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் 2024இல் வந்த முடிவில் கடும் நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: நூறு குழந்தை-ஆண்டுகளுக்கு கேஸ் வீடுகளில் 5.67, விறகு வீடுகளில் 6.06.

கேஸ் அடுப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. தாயின் கண்ணையும் நெஞ்சையும் அது காக்கிறது. குழந்தையின் நிமோனியாவுக்கு அடுப்பை மட்டும் மாற்றினால் போதாது என்பதே பாடம்.

தடுப்பூசியைப் பற்றி இந்த ஐயம் இல்லை. காம்பியாவில் நிமோகாக்கஸ் தடுப்பூசி, எக்ஸ்ரேயில் உறுதியான நிமோனியாவை 37 சதவீதமும், குழந்தை இறப்பை 16 சதவீதமும் குறைத்ததை 2005இல் நிறுவினார்கள். ஹிப் நோயைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிப் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் போனது. நிமோனியாவுக்கு இட்டுச்செல்லக்கூடிய தட்டம்மையைத் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசித் திட்டம் 2017இல் முதலில் தொடங்கிய இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவான நிமோகாக்கஸ் ஊசி 2021 முதல் நாடு முழுவதும் இலவசம்: ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம். இதோடு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டால் குழந்தைக்குப் பெரிய காவல் கிடைத்துவிடும். ஆர்எஸ்விக்கு எதிராகக் கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் சிசுவுக்குப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் மேலை நாடுகளில் 2023 முதல் புழக்கத்தில் உள்ளன. நம் அரசுத் திட்டத்துக்குள் அவை வர வேண்டும்.

முடிவாக

மருந்து, ஆக்சிஜன், தடுப்பூசி ஆகிய மூன்றும் இன்று குரும்பகரத்துக்கு எட்டாதவை அல்ல. எட்டாமல் இருப்பது நேரம். முதல் வேக மூச்சுக்கும் முதல் வேளை மருந்துக்கும் இடையில் கழியும் நேரத்தைச் சுருக்கக் கட்டடம் தேவையில்லை. நிமோனியாவுக்கு எதிராக மத்திய அரசு 2019 நவம்பரில் தொடங்கிய 'சான்ஸ்' இயக்கம் ஆண்டுதோறும் நவம்பர் 12 முதல் பிப்ரவரி இறுதி வரை இதைத்தான் சொல்கிறது. அது சுவரொட்டியோடு நின்றுவிடக் கூடாது. காரைக்காலின் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் குழந்தை விரலுக்குப் பொருந்தும் ஆக்சிமீட்டர் ஒன்றும், கரையும் அமாக்ஸிசிலினும், மழைக்காலம் தொடங்கும் முன்பே இருக்க வேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் தாய்க்கும் தகப்பனுக்கும் பாட்டிக்கும் மூச்சை எண்ணிக் காட்டிப் பழக்க வேண்டும். தடுப்பூசி அட்டையின் மேலேயே மூன்று எண்களையும் அச்சிட வேண்டும்: 60, 50, 40.

கைக்குழந்தை இருக்கும் வீட்டார் இன்றே குழந்தை தூங்கும்போது ஒருமுறை முழு நிமிடம் எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தையின் இயல்பான மூச்சு எப்படி என்று தெரிந்தால்தான் அது தப்பும்போது கண்ணில் படும். மூச்சு அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.